உட்குலக் காம்ப்ளெக்ஸைக் கையால் கணக்கிடுவது எப்படி: முதலில் எண்ணுங்கள், அப்புறம் வரையுங்கள்

ஒரு முடிவுறு குலத்தைக் கையில் கொடுத்து இதன் பி-உட்குலக் காம்ப்ளெக்ஸ் எப்படி இருக்கும் என்று கேட்டால், பலரும் உடனே தாளை எடுத்து உட்குலங்களை அடுக்கடுக்காக எழுதி, எது எதற்குள் இருக்கிறது என்று கோடு இழுக்க ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எஸ்-3, எஸ்-4 வரை வண்டி ஓடியது. எஸ்-5 வந்ததும் (5 பொருட்களின் எல்லா வரிசைமாற்றங்களும், மொத்தம் 120) தாள் முழுக்கக் கோடு, எந்தக் கோடு எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. படத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு எண்ணிக்கையை முன்னால் கொண்டுவந்த பிறகுதான் வேலை சுலபமானது. அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன். சைலோ தேற்றங்களும் ஆய்லர் எண் என்றால் என்ன என்பதும் தெரிந்திருந்தால் போதும்.

பொருள் இதுதான். ஒரு குலம், ஒரு பகா எண் பி. வரிசை பி-யின் அடுக்காக உள்ள எல்லா உட்குலங்களையும் எடுங்கள், ஒவ்வொன்றும் ஒரு முனை. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் சங்கிலி ஒவ்வொன்றும் ஒரு சிம்ப்ளெக்ஸ்: இரண்டு உட்குலச் சங்கிலி ஒரு விளிம்பு, மூன்று என்றால் முக்கோணம், இப்படியே மேலே. 1975-ல் கென்னத் பிரவுன் இதன் ஆய்லர் எண்ணைப் பற்றி ஒரு தேற்றம் நிறுவினார், 1978-ல் டேனியல் குவில்லன் இதன் ஹோமோடோபியை (கிழிக்காமல் இழுத்தாலும் சுருக்கினாலும் மாறாத வடிவப் பண்புகளை) விரிவாக ஆராய்ந்தார். அதனால் இதைப் பிரவுன் போசெட் (போசெட் என்றால் பகுதி வரிசைக் கணம்) என்பார்கள்.

சமனி மட்டும் இருக்கும் உட்குலத்தைச் சேர்க்கக் கூடாது. இதை மறந்தால் அது எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்துகொண்டு மொத்த வடிவத்தையும் ஒரு கூம்பாக்கிவிடும், கூம்பு எப்போதும் ஒரு புள்ளியாகச் சுருங்கும், அப்புறம் எந்தக் குலத்தை எடுத்தாலும் ஒரே விடைதான். சிரிக்காதீர்கள், நான் ஒரு மாலை முழுவதும் இந்தத் தப்போடு உட்கார்ந்திருக்கிறேன்.

எண்ண ஆரம்பிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: குலத்துக்கு, சமனியைத் தாண்டி, ஒரு நார்மல் பி-உட்குலம் இருக்கிறதா? இருந்தால் வேலை அங்கேயே முடிந்தது. அதைக் கே என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பி-உட்குலத்தை எடுத்தாலும் அதையும் கே-யையும் பெருக்கினால் வருவதும் ஒரு பி-உட்குலம்தான், ஏனென்றால் கே நார்மல். அந்தப் பெருக்கற்குலத்துக்குள் முதல் உட்குலமும் அடங்கும், கே-யும் அடங்கும். அதாவது ஒவ்வொரு முனையையும் முதலில் பெருக்கற்குலத்துக்கு மேலே ஏற்றி, அங்கிருந்து கே-க்கு இறக்கிவிடலாம், ஏற்றமும் இறக்கமும் எது எதற்குள் என்ற அடங்கல் வரிசையைக் குலைக்காது. மொத்தமும் ஒரே புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. எஸ்-4-ல் பி 2 என்றால் (12)(34), (13)(24), (14)(23) மூன்றும் சமனியோடு சேர்ந்து நார்மலாக இருக்கின்றன, அதனால் படம் வரையவே வேண்டாம். அதே எஸ்-4-ல் பி 3 என்றால் வரிசை 3 உள்ள நான்கு உட்குலங்கள், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நான்கு புள்ளிகள்.

இதன் மறுதலை உண்மையா என்பதுதான் குவில்லனின் ஊகம்: வடிவம் ஒரு புள்ளியாகச் சுருங்கினால், நார்மல் பி-உட்குலம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். தீர்வுடைக் குலங்களுக்கு (அபீலியன் துண்டுகளை அடுக்கிக் கட்டக்கூடியவை) அவரே நிறுவிவிட்டார். 1993-ல் ஆஷ்பாக்கரும் ஸ்மித்தும் பி 5-ஐ விடப் பெரிதாக இருக்கும்போது, யூனிட்டரி குலங்கள் (ஒரு வகை அணிக் குலங்கள்) பற்றிய ஒரு நிபந்தனையோடு, பெரும் பகுதியை முடித்தார்கள். முழு ஊகம் இன்னும் திறந்தே கிடக்கிறது. நம் வேலைக்கு இதன் பயன் ஒன்றுதான்: நார்மல் பி-உட்குலம் இல்லை என்றால், சுருங்காத வடிவம் வரும் என்று எதிர்பார்த்துக் கணக்கைத் தொடங்கலாம். ஆனால் எதிர்பார்ப்பு நிரூபணம் ஆகாது, எண் கையில் வர வேண்டும்.

சரி, எண்ணுவோம். பிரவுன் போசெட்டை அப்படியே எண்ணினால் தேவையில்லாத முனைகள் நிறைய வரும். எஸ்-5-ல் பி 2 என்றால் வரிசை 2-ல் 25, வரிசை 4-ல் 35, வரிசை 8-ல் 15, ஆக 75 முனைகள். குவில்லன் காட்டிய குறுக்குவழி, எலிமென்டரி அபீலியன் உட்குலங்களை மட்டும் வைத்துக்கொள்வது, அதாவது எல்லா உறுப்புகளும் ஒன்றோடொன்று பரிமாற்றம் ஆகி, ஒவ்வொன்றின் பி-ஆம் அடுக்கும் சமனியாக இருப்பவை. இதைக் குவில்லன் போசெட் என்பார்கள். ஹோமோடோபி வகை மாறாது, ஆனால் 75 முனைகள் 45 ஆகிவிடும். ஒரு எச்சரிக்கை: மேலே சொன்ன சுருக்கும் வாதத்தை இந்தச் சின்ன போசெட்டில் நேரடியாகச் செய்ய முடியாது, பெருக்கற்குலம் அபீலியனாக இருக்கும் என்று சொல்ல முடியாதே. எதையாவது நிறுவுவதற்குப் பிரவுன் போசெட், எண்ணுவதற்குக் குவில்லன் போசெட் என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

ஆய்லர் எண்ணுக்கு எல்லாச் சங்கிலிகளையும் எண்ணத் தேவையில்லை என்பதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஒவ்வொரு எலிமென்டரி அபீலியன் உட்குலத்துக்கும் ஒரு எடை கொடுத்துக் கூட்டினால் போதும். வரிசை பி என்றால் எடை 1. வரிசை பி-யின் இரண்டாம் அடுக்கு என்றால் எடை −பி. மூன்றாம் அடுக்கு என்றால் பி-யின் கனம், கூட்டல் குறியோடு. பொதுவாக ஆர்-ஆம் அடுக்கு என்றால், பி-யை ஆர்(ஆர்−1)/2 தடவை பெருக்கிக் குறியை மாறி மாறிப் போட வேண்டும். நம்பிக்கை வரவில்லை என்றால் வரிசை 8 உள்ள எலிமென்டரி அபீலியன் குலத்தையே எடுத்துப் பாருங்கள்: வரிசை 2-ல் 7 உட்குலம், வரிசை 4-ல் 7, வரிசை 8-ல் அதுவே ஒன்று. 7 − 14 + 8 = 1. மேலே ஒரு கூரை இருக்கும் வடிவம் புள்ளியாகச் சுருங்கும், ஆய்லர் எண் 1 வர வேண்டும், வருகிறது.

வந்த விடை சரியா என்று பார்க்கப் பிரவுன் தேற்றம் இருக்கிறது: குலத்தின் வரிசையை வகுக்கும் பி-யின் மிகப் பெரிய அடுக்கால் ஆய்லர் எண்ணை வகுத்தால் மீதி 1 வர வேண்டும். சைலோ உட்குலத்தின் வரிசை வெறும் பி-யாக இருந்தால் வடிவம் தனித்தனிப் புள்ளிகள், ஆய்லர் எண் என்பது சைலோ உட்குலங்களின் எண்ணிக்கை, அப்போது இது நமக்கு ஏற்கெனவே தெரிந்த சைலோ தேற்றமேதான். இந்தச் சோதனையைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். எண்ணும்போது ஒரு வகுப்பை விட்டுவிடுவது சர்வசாதாரணம், அதைப் பெரும்பாலும் இதுதான் பிடித்துக் கொடுக்கும்.

இப்போது எஸ்-5-ஐ பி 2-க்கு முழுசாகச் செய்து பார்ப்போம். வரிசை 2 உள்ள உறுப்புகள் இரண்டு வகை: (12) மாதிரி ஒற்றை மாற்றுகள் 10, (12)(34) மாதிரி இரட்டை மாற்றுகள் 15. வரிசை 4-ல் எலிமென்டரி அபீலியன் உட்குலங்களைத் தேடினேன், (12), (34) இரண்டும் உருவாக்கும் வகை உடனே கண்ணில் பட்டது, அதில் 15. ஆக 25 − 2×15 = −5 என்று எழுதிவிட்டு எழுந்தேன். 120-ஐ வகுக்கும் 2-இன் பெரிய அடுக்கு 8. −5-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 3. தப்பு! எதை விட்டேன்? இரட்டை மாற்றுகள் மட்டுமே இருக்கும் க்ளைன் குலங்களை (வரிசை 4 உள்ள எலிமென்டரி அபீலியன் 2-குலத்துக்கு அந்தப் பெயர்). (12)(34), (13)(24), (14)(23) சேர்ந்த குலம் 5-ஐத் தொடுவதே இல்லை, இப்படி எந்த எண்ணைத் தொடாமல் விடுவது என்று 5 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆக மொத்தம் 20. இப்போது 25 − 40 = −15, 8-ஆல் வகுத்தால் மீதி 1. சரியாக வந்துவிட்டது. ஆய்லர் எண் 1 இல்லை என்பதால் இந்த வடிவம் புள்ளியாகச் சுருங்காது என்பதும் இதோடு நிரூபணம் ஆகிவிட்டது.

அடுத்தது இணைப்பு. வடிவம் ஒரே துண்டா, பல துண்டா? இதற்கு எல்லா முனைகளையும் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு பி-உட்குலமும் ஏதாவது ஒரு சைலோ உட்குலத்துக்குள் இருக்கிறது, அதனால் சைலோ உட்குலங்களை மட்டும் எடுத்து, எந்த இரண்டு சமனியைத் தாண்டி எதையாவது பகிர்கின்றன என்று பார்த்தால் போதும். ஏ-5-ல் (எஸ்-5-ல் இரட்டைப்படை எண்ணிக்கையில் ஒற்றை மாற்றுகளைச் சேர்த்து வருபவை மட்டும்) பி 2 என்றால் ஐந்து க்ளைன் குலங்கள்தான் சைலோ உட்குலங்கள், ஒன்று மற்றொன்றை எங்கேயும் தொடவில்லை, ஆகவே ஐந்து துண்டு, ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகச் சுருங்கும். எடைக் கணக்கும் 15 − 10 = 5 என்று ஒத்துப்போகிறது. இப்படித் துண்டுபடும் குலங்களுக்கென்றே தனிப் பெயரும் வைத்திருக்கிறார்கள்: உள்ளே ஒரு ‘வலுவாகப் பொதிந்த’ உட்குலம் (முழுக் குலமாக இல்லாமல், வரிசை பி-யால் வகுபட்டு, ஆனால் வெளி உறுப்பால் கான்ஜுகேட் செய்த தன் நகலோடு வரிசை பி உறுப்பு எதையும் பகிராதது) இருந்தால்தான், இருந்தால் மட்டுமே, வடிவம் துண்டுபடும். ஏ-5-ல் அந்த வேலையைச் செய்வது ஏ-4.

எஸ்-5-ல் கதை வேறு. (12) என்ற மாற்று (34), (35), (45) மூன்றோடும் பரிமாற்றம் ஆகும். பத்து ஒற்றை மாற்றுகளைப் பத்து முனைகளாக வைத்து, பரிமாற்றம் ஆகும் ஜோடிகளை இணைத்தால் 15 விளிம்புகள், ஒவ்வொரு முனையிலும் மூன்று. இது பீட்டர்சன் கிராஃப், வேறொன்றும் இல்லை. அது ஒரே துண்டு. நான் ஐந்து க்ளைன் குலங்களை விட்டுவிட்டு எண்ணியபோது வந்த −5 இதன் ஆய்லர் எண்தான்: 10 − 15. தப்பான விடைக்கும் ஒரு வடிவம் இருந்திருக்கிறது!

விட்டுப்போன ஐந்தையும் ஒட்டுவோம். பீட்டர்சன் கிராஃபின் ஒவ்வொரு விளிம்பும் (12)|(34) மாதிரி ஒரு ஜோடி, அதன் நடுவில் (12)(34) என்ற இரட்டை மாற்று தொங்குகிறது. 5-ஐத் தொடாத க்ளைன் குலம் மூன்று விளிம்புகளின் நடுப்புள்ளிகளைப் பிடிக்கிறது: 12|34, 13|24, 14|23. அதாவது ஐந்து முக்காலிகள், ஒவ்வொன்றின் மூன்று கால்களும் மூன்று விளிம்புகளின் நடுவில் ஊன்றியிருக்கின்றன, 15 விளிம்புகளும் தலா ஒரு கால் பெறுகின்றன. பீட்டர்சன் கிராஃபில் தனித்த வளையங்கள் 6. ஒவ்வொரு முக்காலியும் இரண்டு புது வளையங்களைக் கொண்டுவரும், ஐந்துக்கு 10. மொத்தம் 16. ஒரே துண்டாக இருக்கும் கிராஃபில் வளையங்களின் எண்ணிக்கை 1-லிருந்து ஆய்லர் எண்ணைக் கழித்தால் வருவது, 1 − (−15) = 16. ஆக விடை: ஒரே புள்ளியில் கட்டிய 16 வளையங்கள்.

இதே விடைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, குலம் பெரிதாகும்போது அதுதான் கைகொடுக்கும். 1984-ல் செர்ஜ் பூக் கொடுத்தது. ஒரு பி-உட்குலத்தின் நார்மலைசரை (எதற்குள் அது நார்மலாக இருக்கிறதோ அந்த மிகப் பெரிய உட்குலத்தை) எடுங்கள், அதற்குள் இருக்கும் மிகப் பெரிய நார்மல் பி-உட்குலம் நாம் ஆரம்பித்த உட்குலமேதான் என்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள். மிஞ்சுபவற்றை ராடிகல் உட்குலங்கள் என்பார்கள், வடிவத்தின் ஹோமோடோபி வகை இதிலும் மாறாது. எஸ்-5-ல் மிஞ்சுபவை: ஒற்றை மாற்று உருவாக்கும் 10, இரட்டை மாற்று மட்டும் உள்ள க்ளைன் குலங்கள் 5, வரிசை 8 உள்ள சைலோ உட்குலங்கள் 15. ஒவ்வொரு சைலோ உட்குலத்துக்குள்ளும் இரண்டு ஒற்றை மாற்றும் ஒரு க்ளைன் குலமும் இருக்கின்றன. 30 முனைகள், 45 விளிம்புகள், எல்லா முனையிலும் மூன்று விளிம்பு. 30 − 45 = −15.

ஜிஎல்-3(2) என்ற வரிசை 168 குலத்தில் (0, 1 மட்டும் கொண்ட, நேர்மாறு உள்ள 3×3 அணிகள்) இந்த வழி இன்னும் அழகாக வேலை செய்கிறது. பி 2 என்றால் வரிசை 2 உறுப்புகள் 21, க்ளைன் குலங்கள் 14, எடைக் கணக்கு 21 − 28 = −7, 8-ஆல் வகுத்தால் மீதி 1. ஒவ்வொரு வரிசை 2 உறுப்பும் சரியாக இரண்டு க்ளைன் குலங்களில் இருக்கிறது, அதனால் 21-ஐயும் விளிம்புகளாகவே பார்க்கலாம்: 14 முனை, 21 விளிம்பு. ஃபானோ தளம் என்ற மிகச் சிறிய ப்ரொஜெக்டிவ் தளத்தின் 7 புள்ளிகளும் 7 கோடுகளும்தான் அந்த முனைகள், எந்தப் புள்ளி எந்தக் கோட்டில் என்பதுதான் விளிம்பு. இதன் பெயர் ஹீவுட் கிராஃப். 8 வளையங்கள். பி-யையே பண்பெண்ணாகக் கொண்ட லீ வகைக் குலங்களுக்கு (முடிவுறு களத்தின் மேல் உள்ள அணிக் குலங்கள் மாதிரி) இது பொதுவாக நடப்பதுதான்: வடிவம் டிட்ஸ் பில்டிங்காகிவிடும் (இங்கே பார்த்த புள்ளி-கோடு படத்தின் பொது வடிவம்), கோளங்கள் ஒரே புள்ளியில் கட்டியதாக இருக்கும், கோளங்களின் எண்ணிக்கை சைலோ உட்குலத்தின் வரிசை. இங்கே 8. மேலே ஏ-5-ல் வந்த ஐந்து புள்ளிகளும் இதே வகைதான்: இரண்டு புள்ளி சேர்ந்தால் பூஜ்யப் பரிமாணக் கோளம், ஐந்து புள்ளி என்றால் நான்கு கோளம், சைலோ உட்குலத்தின் வரிசையும் 4.

நேர்ப்பெருக்கம் வந்தால் தனியாக எண்ணவே வேண்டாம். இரண்டு குலங்களின் பெருக்கத்துக்கு வரும் வடிவம், தனித்தனி வடிவங்களின் ஜாயின் (ஒன்றின் ஒவ்வொரு புள்ளியையும் மற்றதன் ஒவ்வொரு புள்ளியோடும் கோட்டால் இணைப்பது). எஸ்-3-க்கு பி 2-ல் மூன்று புள்ளிகள், அதனால் எஸ்-3 × எஸ்-3-க்கு அந்த மூன்றையும் இந்த மூன்றோடும் ஒவ்வொன்றாக இணைத்த கிராஃப், 9 விளிம்பு, 4 வளையம். எண்ணியும் பாருங்கள்: 15 − 2×9 = −3.

இப்போது எஸ்-6, பி 2. இங்கே வரிசை 8 உள்ள எலிமென்டரி அபீலியன் உட்குலங்களும் வருகின்றன, படம் இரண்டு பரிமாணம். வரிசை 2 உறுப்புகள்: ஒற்றை மாற்று 15, இரட்டை மாற்று 45, (12)(34)(56) மாதிரி மும்மாற்று 15, ஆக 75. க்ளைன் குலங்களை ஒவ்வொன்றாகத் தேடாதீர்கள், பரிமாற்றம் ஆகும் ஜோடிகளை எண்ணுங்கள். (56)-இன் சென்ட்ரலைசரில் (அதோடு பரிமாற்றம் ஆகும் உறுப்புகளின் குலத்தில்) அதைத் தவிர வரிசை 2 உறுப்புகள் 18, மும்மாற்றுக்கும் அதே 18, இரட்டை மாற்றுக்கு 10. 30×18 + 45×10 = 990, எது முதல், எது இரண்டாவது என்பதையும் சேர்த்து எண்ணினால் ஒரு க்ளைன் குலத்தில் 6 ஜோடிகள் என்பதால் 990/6 = 165. வரிசை 8-ல் இரண்டு வகை, தலா 15, ஆக 30. எடை போட்டுக் கூட்டினால் 75 − 330 + 240 = −15. 720-ஐ வகுக்கும் 2-இன் பெரிய அடுக்கு 16, −15-ஐ அதால் வகுத்தால் மீதி 1.

எஸ்-5-க்கு வந்த அதே −15! இது தற்செயல் இல்லை. எஸ்-6 என்பது எஸ்பி-4(2) என்ற லீ வகைக் குலமேதான் (0, 1 கொண்ட 4×4 சிம்ப்ளெக்டிக் அணிகள்), அதன் பில்டிங்கில் முனைகள் 15 ஜோடிகளும் (12 மாதிரி), ஆறு பொருட்களை மூன்று ஜோடியாகப் பிரிக்கும் 15 பிரிவுகளும் (12|34|56 மாதிரி), ஒரு ஜோடி ஒரு பிரிவில் இருந்தால் விளிம்பு. 30 முனை, 45 விளிம்பு, டட்–காக்ஸெட்டர் கிராஃப் என்பார்கள். இப்போது எஸ்-5-இன் ராடிகல் படத்துக்குத் திரும்பிப் போங்கள். 5-ஐத் தொடாத க்ளைன் குலத்துக்கு 56 என்று பெயர் வையுங்கள், 4-ஐத் தொடாததற்கு 46, இப்படி ஐந்துக்கும். 12, 34 என்ற மாற்றுகளைக் கொண்ட சைலோ உட்குலத்துக்கு 12|34|56. ஒவ்வொரு விளிம்பையும் சரிபாருங்கள், இரண்டும் ஒரே கிராஃப். எஸ்-5-ல் இல்லாத ஆறாவது எண் அந்த ஐந்து முக்காலிகளின் பெயரில் ஒளிந்திருந்தது.

இந்த மாதிரி எடுத்துக்காட்டுகளைப் பார்த்துவிட்டு, எல்லாக் குலத்துக்கும் கோளங்களின் கட்டுதான் வரும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆய்லர் எண்ணைத் தெரிந்துகொண்டதும் வளையங்களின் எண்ணிக்கை வந்துவிட்டதே, அது வடிவம் கிராஃபாகச் சுருங்கும்போது மட்டும் செல்லும். பரிமாணம் ஏறினால் ஒரு எண் போதாது, ஆய்லர் எண் 1 வந்தாலும் வடிவம் சுருங்கும் என்று அர்த்தமில்லை. ஏ-10-ல் பி 3 எடுத்தால் அடிப்படைக் குலமே (வடிவத்தில் உள்ள வளையப் பாதைகளின் குலம்) சுதந்திரக் குலமாக இல்லை என்று மினியனும் பிட்டர்மனும் காட்டியிருக்கிறார்கள். எஸ்-13-ல் பி 3-க்கு ஹோமாலஜியில் (ஓட்டைகளைக் கணக்கிடும் குலங்களில்) டார்ஷன், அதாவது சில மடங்கு எடுத்தால் பூஜ்யமாகிவிடும் உறுப்பு, இருக்கிறது என்று அதற்கு முன்பே ஷரேஷியன் காட்டிவிட்டார். அந்த அளவுக்குப் போனால் கேப் (GAP) என்ற குலக் கணக்கு மென்பொருளிடம் கொடுத்துவிடுவதுதான் நல்லது. கொடுப்பதற்கு முன், மேலேயோ கீழேயோ ஒரே ஒரு அண்டை முனை மட்டும் உள்ள முனைகளை நீக்கிவிடுங்கள், மேலே அப்படி இருந்தாலும் போதும், கீழே இருந்தாலும் போதும், ஹோமோடோபி வகை மாறாது. எஸ்-3 × எஸ்-3-ல் இரண்டு பக்கமும் அசையும் ஒன்பது மாற்றுகளும் இந்த வகைதான், ஒவ்வொன்றும் ஒரே க்ளைன் குலத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒன்றை நீக்கியதும் புதிதாகச் சில முனைகள் அந்த நிலைக்கு வரலாம், அதனால் ஒரு தடவை ஓட்டிவிட்டு நிறுத்தாமல், நீக்க எதுவும் இல்லாத வரைக்கும் ஓட்டுங்கள், அப்புறம் ஹோமாலஜியைக் கேளுங்கள்.